முதிரை உடையாது

மாரி காலத்தில் வார்னிஷ் பூசுவது புத்தியில்லாத வேலை. ஈரக்காற்றில் காயாது, விரல் பட்ட இடமெல்லாம் தடம் நிற்கும். சாமித்தம்பியின் ஊன்றுகோல்கள் பிந்தியது அதனால்தான். வேண்டுமென்று இழுத்தடித்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

தச்சுவேலைக்குக் கிளோட் பாஸ் என்றால் மட்டக்களப்பு டவுனில் என்னைத் தெரியாதவர் இல்லை. அப்பா தச்சர், அவருடைய அப்பாவும் தச்சர். பறங்கி வீட்டுப் பிள்ளை நடக்க முதல் உளி பிடிக்கும் என்று பகிடி பண்ணுவார்கள். மரத்தைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. பின்னால் நடந்ததெல்லாம் அந்த மரியாதையால் வந்ததுதான்.

அருமைநாயகம் முதலாளியின் அரிசி மில்லில் ஒரு மேல்தட்டு உண்டு. மூட்டையை முதுகில் சுமந்து ஏறி, பலகைகளின் மேல் நடந்து போய், கீழே ஓடும் இயந்திரத்தின் வாய்க்குள் நெல்லைக் கொட்ட வேண்டும். நடுப்பலகை உளுத்துப் போயிருந்தது. முதலாளி அதற்குச் செய்யாத பராமரிப்பு இல்லை. வாசலில் பூசணிக்காய் கட்டினார், வெள்ளிதோறும் தேங்காய் உடைத்தார், வைரவருக்கு மடை வைத்தார். பலகை கேட்கவில்லை. மூட்டை சுமக்கும் சாமித்தம்பி நச்சரித்து நச்சரித்துத்தான், கடைசியில் தன் பழைய வீட்டில் கழற்றிய, இரும்பு மாதிரி வைரம் பாய்ந்த முதிரைப் பலகை ஒன்றை முதலாளி என்னிடம் தந்தார்.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீவுளி ஒரு தடவை ஓடியதும் உள்ளே தேன் நிறம். ஒரு கணு இல்லை. அதன்மேல் உமி ஒட்டிய கால்கள் நடப்பதா? எனக்கு மனம் வரவில்லை. மகள் மெலிண்டாவின் கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேக் வைக்க ஒரு மேசை தேவைப்பட்டது.

சாமித்தம்பியை நான் மறந்துவிடவில்லை. உளுத்த பலகையைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி, புது ஆணி அடித்து, இஞ்சினில் வடித்த பழைய ஒயிலைப் பூசினேன். கறையானுக்கு நாங்கள் வழக்கமாகப் பூசுவதுதான். ஒயில் ஊறிவிட்டால் எல்லா மரமும் ஒரே கறுப்பு.

கீழே நின்று அவன் அண்ணாந்து பார்த்தான்.

“என்ன பாஸ், இனிப் பயமில்லாம ஏறலாமா?”

“பொண்ணு பாக்கவா போறாய்? ஏறு மனே.”

“நான் விழுந்தா மறுகா புஸ்பம் உங்களத்தான் வந்து புடிப்பாள்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புஸ்பம் அவனுடைய மனைவி.

கலியாண வீட்டில் கேக்கைவிட மேசைக்குத்தான் புகழ். பாதிரியாரே தடவிப் பார்த்தார். இப்போது என் மனைவி பியட்றிஸ் அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்கிறாள். அது எனக்குப் பெரிய வேதனை.

கலியாணம் முடிந்து அடுத்த கிழமை மில்லில் பலகை விட்டுக்கொடுத்தது. அவன் கீழே, மூட்டை அவன்மேல். ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். முதலாளி அன்றைக்கே இன்னொரு முதிரைப் பலகை தந்தார். இந்த முறை அதையே போட்டேன். உடைந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தேன், புகைதான் மிச்சம். பலகை உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மில்லில் வேலை வேண்டியிருந்தது.

சாமித்தம்பி நட்டஈடு கேட்டான். பலகை உடைந்தது என்றான். பலகை அப்படியே இருக்கிறது, இவன்தான் கவனமில்லாமல் விளிம்பில் கால் வைத்தான் என்றார் முதலாளியின் சட்டத்தரணி. தொழில் கந்தோரில் நடந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

“பலகை போட்டது நீங்களா?”

“ஓம் ஐயா.”

“முதலாளி தந்தது என்ன மரம்?”

“முதிரை.”

“முதிரை உடையுமா?”

“முதிரை உடையாது ஐயா.”

இதில் பொய் எங்கே இருக்கிறது? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நட்டஈடு கிடையாது என்று முடிவாயிற்று.

ஆனாலும் எனக்கு இரக்கம் உண்டு. மேசை செய்து மிஞ்சிய முதிரையில் அவனுக்கு இரண்டு ஊன்றுகோல் செய்தேன். இனாமாக. வார்னிஷ் காய்ந்ததும் சொல்லி அனுப்பினேன். புஸ்பம் வந்தாள்.

“திரும்ப விசாரிக்கப் போறாங்களாம் பாஸ். உங்கட ஒரு சொல்லுதான் வேணும். அவருக்கு ஒரு வேலைக்கும் ஏலா. பிள்ளைகள வெச்சிக்கிட்டு நான் எங்க போற?”

வேலை நிறையக் கிடக்கிறது, கந்தோருக்கு வர நேரமில்லை என்றேன். ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தேன். அவள் அவற்றை மேசையில் சாய்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பார்த்தாள். மேசை விளிம்பில் முடிந்த மரவரி ஒன்று, அப்படியே ஊன்றுகோலில் தொடர்ந்து இறங்கியது. விரலால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டே கீழ்வரை போனாள்.

“ரெண்டும் ஒரே மரமா பாஸ்?”

“ஒரே பலகை. உன் முதலாளி மேல்தட்டுக்குத் தந்தது.”

மரத்தைப் பற்றிக் கேட்டால் நான் ஒளிப்பதில்லை.

அவள் மேசையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். ஊன்றுகோல்களைத் தூக்கினாள். “பாரமா இருக்கு” என்றாள். பியட்றிஸ் போட்ட தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. இங்கிருந்து நேரே எங்கே போனாள் என்பது, நீங்கள் விசாரணைக்கு இந்த மேசையைத் தேடிக்கொண்டு வந்தபோதுதான் விளங்கியது.

எழுதிக்கொள்ளுங்கள். உளுத்தது என்று தெரிந்துதான் திருப்பிப் போட்டேன். அதன்மேல் அவன்தான் நடப்பான் என்பதும் தெரியும். ஆனால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். நல்ல மரம் பாரமாகத்தான் இருக்கும். அவனுடைய பேரப்பிள்ளைகளும் பாவிக்கலாம். நீங்களே சொல்லுங்கள், அந்தக் கந்தோரில் அவனுக்கு முதிரையா கொடுத்திருப்பார்கள்?