மேலே ஏறிய நீர்

"ஹலோ... ஹலோ, மச்சான், நான்தான்... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலதான். ரிசல்ட் வந்துடுச்சு... சொல்றேன், இருங்க."

சாக்கடை அடைப்பு எடுப்பதில் இருபது வருஷம் ஊறியவர். எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு அசராமல் கெட்ட செய்தி சொன்ன வாய், மனைவியின் அண்ணனிடம் மட்டும் மாடிப்படிக்கு அடியில் நின்று திக்கியது.

"உங்க தங்கச்சி டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க உள்ள போயிருக்கா... இல்ல, அவகிட்ட இன்னும் சொல்லல... அந்தக் கழுத்துல நெறி கட்டியிருந்துச்சுல்ல? இடது பக்கம், காறை எலும்புக்கு மேல... புத்துநோய்தானாம், மச்சான்... இல்ல, அங்க ஆரம்பிக்கல. வயித்துல... ஆமா. வயித்துல."

"...எப்படின்னா, டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நெறி கட்டுற அந்த முடிச்சு, அவரைக்கொட்டையாட்டம், உடம்பு பூரா நூத்துக்கணக்குல இருக்காம். நிணநீர் பல குழாய்ல வந்து உள்ள நுழையும். உள்ள வெள்ளை அணுக்கள் காவல் உக்காந்து, கிருமியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மிச்சத்தை வெளிய விடும்... அதேதான், நம்ம வடிகட்டித் தொட்டி. அவர் பாதி சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சு தொலைச்சிடுச்சு."

"...கேளுங்க. நல்லா திட்டுங்க. தண்ணி மேலேர்ந்து கீழதானே வரும்? கழுத்துல அழுக்கு சிக்கினா அது மேலேர்ந்துதான் வந்திருக்கும், பல்லுதான்னு நானே முடிவு கட்டி, ரெண்டு மாசம் பல் டாக்டர்கிட்ட இழுத்தடிச்சேன். 'பல்லு வலிக்கலைங்க'ன்னு அவ அன்னிக்கே சொன்னா. ரெண்டு கடவாப்பல்லைப் பிடுங்க வச்சேன்... உடம்புல அந்த நிணநீர் கீழேர்ந்து மேல ஏறுமாம், மச்சான். வயித்துலேர்ந்து கழுத்துக்கு. எந்த மேஸ்திரி போட்ட லைனோ... ஐயோ, விளையாடல. எனக்கு வேற பேச்சு வரமாட்டேங்குது."

அவர் சுவரில் சாய்ந்தார்.

"ஆபரேஷனா?... அது கழுத்து வரைக்கும் வந்தப்புறம் வெட்டிப் பிரயோஜனமில்லையாம்... மருந்து ஏத்தலாம், கொஞ்சம் தள்ளிப் போடலாம்... ஆறு மாசம். எட்டு மாசம்... முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னா? கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார். அவ்ளோதான்."

"...அழாதீங்க. சாயங்காலம் வந்துடுங்க. நீங்கதான் அவகிட்ட... என்ன? நானா?... நானேதான் சொல்லணுமா?... சரி... ஆமா, சரி..."

திரும்பினார். மடக்கிய முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி அவள் மூன்றாவது படியில் நின்றிருந்தாள்.

"மச்சான்... அவ இங்கதான் நிக்கறா... தெரியல, எப்போலேர்ந்துன்னு... கையை நீட்டறா. போனைக் கேக்கறா. குடுத்துடறேன்..."

வாங்கியவள் அதைக் காதில் வைக்கவில்லை. இணைப்பைத் துண்டித்து, அவர் சட்டைப்பையில் போட்டாள்.