வலிக்காத ஊசி

எங்கள் உத்திரமேரூரில் டாக்டர் கெட்டிக்காரரா இல்லையா என்பதை, ஊசி எவ்வளவு வலித்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தால் அவர் டாக்டரே இல்லை. இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் போனால், "அவரு போட்டாருன்னா சுர்ருனு ஏறும்பா, கைராசி" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று பெருமை பேசுவார்கள். இந்த ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் வலிக்காத ஊசி செய்தேன் சார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வரதன், வயது முப்பத்தாறு, இன்ஜினியர். நான் வேலை பார்த்த கம்பெனி 2007இல் ஒரு பழைய இயந்திரத்தைக் கழித்துக்கட்டியது. கம்ப்யூட்டரில் வரைந்ததை, ஒளி பட்டால் இறுகும் பிசினில், அடுக்கு மேல் அடுக்காக வளர்த்துத் தரும் இயந்திரம். அதில் அவர்கள் கார் விளக்கு மூடிக்கு மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மூளை அவ்வளவுதான். நான் அதைத் திருப்புலிவனம் சாலையில் ஒரு ஷெட்டில் வைத்து, ஒரு வருடம் மாரடித்து, ஒரு ரூபாய் அளவு வில்லையில் நூறு ஊசிகளை வளர்த்தேன். ஒவ்வொன்றும் அரிசி நொய்யைவிடச் சின்னது. தோலில் அழுத்தி மேலே பிளாஸ்திரி ஒட்டினால் போதும், குத்தியதே தெரியாது. முனையில் மருந்து தடவி உலரவைத்தால் உள்ளே போய்க் கரைந்துவிடும்.

அம்முலு என் அக்கா கனகாவின் மகள். பதினெட்டு வயது. பத்து வயதிலிருந்து சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் போட்டால்தான் உயிர். மருந்துப் புட்டியை ஈரமணல் போட்ட மண்சட்டியில் வைத்திருப்பார்கள். தொடையெல்லாம் தழும்பு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இந்த நோயை மறைப்பதில் அக்கா காட்டிய சாமர்த்தியத்தில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாள்.

முதல் வில்லையை ஒட்டியபோது அம்முலு வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"குத்திட்டியா மாமா?"

"குத்தியாச்சு."

"அடப்பாவி மாமா, இத்தினி வருசம் இத்த எங்க வச்சிக்கினு இருந்த?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, மறுக்கவில்லை. இனிமேல் இதுதான் ஊசி என்று சொல்லி, சட்டியிலிருந்த இன்சுலின் புட்டியை என் ஷெட் ஃப்ரிட்ஜுக்கு எடுத்துப் போனேன். புட்டி இன்னும் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்கலாம்.

இரண்டாம் நாள் அக்கா வந்தாள்.

"இன்னா வரதா, கொஞ்சங்கூட வலிக்கலன்றா. வலிக்காத ஊசில மருந்து எங்கருந்து ஏறும்?"

"உனக்கு இன்னா தெரியும்? கம்முனு கெட" என்றேன். அவள் கம்மென்று போய்விட்டாள். தம்பி படித்தவனாயிற்றே. உள்ளபடி சொன்னால், இந்த ஊரிலேயே சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதையும் முட்டாள்தனமாகத்தான் கேட்டாள்.

மூன்றாம் நாளிலிருந்து அம்முலு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். உடம்புச் சூடு என்று அக்கா இளநீர் வெட்டிக் கொடுத்தாள். நான்காம் நாள் வாந்தி. திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப்போட்டாள். ஐந்தாம் நாள் அவள் மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. நான் வேளை தவறாமல் போய், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆறாம் நாள் மீட்டரில் எண்ணே வரவில்லை. அந்த அளவுக்கு மேல் அளக்கத் தெரியாத மட்டமான மீட்டர்.

அன்று காலை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "மாமா, பழைய ஊசியே போட்டுடு மாமா. வலிச்சா வலிக்கட்டும்" என்றாள். அக்கா என் வண்டியை எடுக்கச் சொன்னாள். எட்டு மணி அளவை எடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். நாற்பது நிமிடம்தான். காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

வில்லையில் எவ்வளவு மருந்து தடவினேன் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தடவவில்லை சார். சென்னையிலிருந்து மருந்துக் கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. வாய்ப்பேச்சை நம்ப மாட்டார்கள், அட்டவணை வேண்டும் அவர்களுக்கு. முதலில் வெறும் ஊசியில் ஏழு நாள், பிறகு மருந்துள்ள ஊசியில் ஏழு நாள். முறை அதுதான். இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். நன்றாகவே தெரியும். இன்னும் இரண்டே நாள் தாங்கியிருந்தால் மருந்துள்ள ஊசியின் முறை வந்திருக்கும். அவளால் அதுகூட முடியவில்லை.

என் நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. அட்டவணையின் கடைசிப் பத்தியில் 'வலி' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஆறு நாளும் பூஜ்யம்.