ஆறு பேர் லிப்ட்டில் ஒன்பது பேர்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை மேலே உரிய கட்டங்களில் நிரப்பப்பட்டுள்ளன. அவை சரி. வயது ஐம்பத்து மூன்று. தொழில் லிப்ட் பராமரிப்பு. புகாரில் சொல்லப்பட்ட ஆறு மாடிக் குடியிருப்பின் லிப்ட்டைப் பத்தொன்பது வருடங்களாக நான்தான் பார்த்து வருகிறேன். ஒன்பது பேரை வேண்டுமென்றே லிப்ட்டுக்குள் அடைத்து வைத்தேன் என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என் மீது புகார் கொடுத்திருக்கிறார். அது குறித்து விசாரித்ததில் என் சொந்த விருப்பத்தின் பேரில் கீழ்க்கண்டவாறு கூறுகிறேன்.

மேற்படி லிப்ட் ஆறு பேருக்கானது. அப்படி எழுதிய பலகை உள்ளேயே, கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. குடியிருப்பவர்கள் தினமும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், பலகையைப் பார்ப்பதில்லை. பாரம் கூடினால் ஒரு மணி அடிக்கும், கதவு மூடாது. யாராவது இறங்கினால் மணி நிற்கும். அந்தக் கட்டடத்தில் மணி அடித்தால் யாரும் இறங்க மாட்டார்கள். எல்லோரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்றால் பாரம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. நான்காம் மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கும் ஆசிரியையும் அப்படி நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மாடியில் இருப்பவரை நான் ஒரு நிமிஷ அக்கா என்று சொல்வேன். லிப்ட் வந்ததும் பூந்தொட்டியைக் கதவுக்கு நடுவே வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம், மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன்" என்று உள்ளே போவார். அதன் பிறகு அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பார். அதன் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்ப்பார். அதுவரை கதவு தொட்டியை முட்டி முட்டித் திறக்கும். வருடத்துக்கு இரண்டு கதவுப் பட்டைகள் இதனால் போகின்றன. ஐந்தாம் மாடித் தம்பி மேலே போவதற்கும் கீழே போவதற்கும் உள்ள இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்குவார். ஏன் தம்பி என்று கேட்டால், "ரெண்டுல ஏதாவது ஒண்ணு வரும்ல அண்ணே" என்பார். அங்கே இருப்பது ஒரே ஒரு லிப்ட். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. யோசிப்பதில்லை, அவ்வளவுதான். லிப்ட் நின்றால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில், "மெக்கானிக் சரியில்ல" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அந்த லிப்ட் எனக்குப் பிடிக்கும். பழைய இயந்திரம், சொன்ன பேச்சைக் கேட்கும்.

கடந்த இரண்டு மாதங்களில் பாரம் காட்டும் மணியின் ஒயர் மூன்று முறை அறுந்து கிடந்தது. முதல் முறை எலி என்று நினைத்து என் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். இரண்டாம் முறை அறுந்த இரு முனைகளிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. கடித்துவிட்டுப் பிளாஸ்திரியும் போட்டுவிடும் எலியை நான் பார்த்ததில்லை. செயலாளர் முப்பது வருடம் மருந்துக் கடை வைத்திருந்தவர். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் கேட்கவில்லை. மூன்று முறையும் ஒயரை இணைத்துவிட்டு வந்தேன்.

சம்பவ நாளான ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் சங்கக் கூட்டம் இருந்தது. லிப்ட் அடிக்கடி நிற்பதால் என்னை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவது பற்றித்தான் கூட்டம். விளக்கம் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் முன்னதாகவே படியேறிப் போய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வருகைப் பதிவு நோட்டு தரைத் தளத்தில் காவலாளியின் மேசையில் இருந்தது. மேலே நடக்கும் கூட்டத்துக்குக் கீழே கையெழுத்து என்பது செயலாளர் போட்ட விதி. ஆகவே எல்லா மாடியிலிருந்தும் எல்லோரும் கீழே இறங்கி வந்து, கையெழுத்துப் போட்டு, அதன் பிறகு ஒன்பது பேரும் ஒன்றாக லிப்ட்டில் ஏறினார்கள். மணி அடிக்கவில்லை. பதினொன்று நாலுக்கு லிப்ட் மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் நடுவே நின்றது.

நான் உடனே மொட்டை மாடியிலுள்ள இயந்திர அறைக்குள் போய், லிப்ட்டுக்குள் பேசும் உள்பேசியில், "யாருக்காவது மூச்சு முட்டுதா? மயக்கம் வருதா?" என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு காவலாளிக்குப் போன் செய்து, மூன்றாம் தளத்துக் கதவருகே நின்று அவர்களுக்குத் தைரியம் சொல்லச் சொன்னேன். அதன் பிறகு இயந்திரத்தின் மின்சாரத்தை அணைத்து, பிரேக்கை ஒரு கையால் விட்டு விட்டுப் பிடித்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றி லிப்ட்டை இறக்கினேன். பாரம் அதிகம் என்பதால் விரல்கடை விரல்கடையாகத்தான் இறக்க முடிந்தது. பதினொன்று இருபத்து நாலுக்குக் கம்பிக் கயிற்றில் நான் பூசி வைத்திருக்கும் மஞ்சள் குறி சரியான இடத்துக்கு வந்தது. லிப்ட் மூன்றாம் தளத்தோடு மட்டமாகிவிட்டது. இனி நான் கீழே போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறக்க வேண்டியதுதான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நான் போகவில்லை. இயந்திர அறையின் தரையில் கம்பிக் கயிறுகள் இறங்கும் துளை ஒன்று உண்டு. அதன் வழியாக லிப்ட்டுக்குள் பேசுவது கிணற்றுக்குள் பேசுவது போல மேலே கேட்கும். அப்போது செயலாளரின் மனைவி பேசிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஏறினது நான்தான். மணி அடிச்சிருந்தா இறங்கியிருப்பேன். ஏன் அடிக்கல?"

அவர் மறுபடியும், "ஏங்க, உங்களைத்தான் கேக்குறேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எப்படி?" என்றார். அதன் பிறகு செயலாளர் தணிந்த குரலில், "நான்தான் ஒயரை வெட்டினேன். எப்பப் பார்த்தாலும் நீ ஏறும்போதுதான் அடிக்குது. எல்லாரும் உன்னையே திரும்பிப் பாக்குறாங்க. எனக்குப் பொறுக்கல" என்றார்.

எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. நான் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அவர் மனைவி சிரித்துவிட்டார். "என் எடை எனக்குத் தெரியாதா? அதுக்காக ஒன்பது பேரையும் அந்தரத்துல தொங்க விடுவீங்களா?" என்றார். அதன் பிறகு ஒரு நிமிஷ அக்கா தாமாகவே பூந்தொட்டி விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு ஐந்தாம் மாடித் தம்பி, "ரெண்டு பட்டனையும் அமுக்கினா ரெண்டு தடவை வந்து நிக்குமாக்கா? எனக்கு நிஜமாவே தெரியாது" என்றார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல உள்ளே சிரிப்பு கூடியது. நான் இந்தக் கட்டடத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒரு நிமிஷ அக்கா, "அந்த மெக்கானிக் பாவம்ல? எல்லாத்தையும் நம்ம செஞ்சிட்டு அவரைப் போய்த் திட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்தேன். படியிறங்கிப் போய்ப் பதினொன்று முப்பத்தாறுக்குக் கதவைத் திறந்தேன். ஒன்பது பேரும் நல்லபடியாக வெளியே வந்தார்கள். செயலாளரின் மனைவி எனக்கு நன்றி சொன்னார். மீதி மாடிகளுக்கு எல்லோரும் படியேறினார்கள். கூட்டத்தில் என்னை நீக்கும் தீர்மானத்தை யாரும் வாசிக்கவில்லை. ஆனால் லிப்ட் நின்ற ஐந்தாம் நிமிடமே செயலாளர் உள்ளே இருந்தபடி போனில் புகார் சொல்லிவிட்டதால் காவலர்கள் வந்துவிட்டார்கள். காவலர்களோடு புறப்படுவதற்கு முன் ஒயரை நான்காம் முறையாக இணைத்துவிட்டேன்.

இங்கே வந்த பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் செயலாளர், தன்னோடு வந்த கட்டடக் காவலாளி மூலம் சொல்லி அனுப்பினார். ஒயர் விஷயத்தை நான் சொல்லாமல் விட்டால் அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நான் விட முடியாது. இன்று பிரேக் பிடித்தது. இன்னொரு நாள் பிடிக்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. மனைவியின் மனம் நோகக் கூடாது என்று செய்தார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் ஐயா இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "அந்தப் பன்னெண்டு நிமிஷம் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இது மேலிடத்துக்குப் போனா உங்க உரிமம் போயிடும். எழுதணுமா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன். லிப்ட் மட்டமான நேரத்தைப் பதினொன்று இருபத்து நாலு என்று என் பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் அதில் பொய் நேரம் எழுதியதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தது தப்பு. அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், வருத்தப்படவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

என் தொழில் உரிமச் சீட்டை யாரும் கேட்கவில்லை. நானே இத்துடன் ஒப்படைக்கிறேன். நாளை திங்கட்கிழமை அந்த லிப்ட்டுக்கு மாதச் சோதனை நாள். அதற்குள் திருப்பித் தந்தால் நல்லது. தராவிட்டால், என் இடத்துக்கு வருபவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் தளத்துக் கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகும். சாவியைத் திருப்பும்போது கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தால் திறந்துகொள்ளும்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)
லிப்ட் மெக்கானிக்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. உரிமச் சீட்டு ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது.
(கையொப்பம்)
நிலைய எழுத்தர்