கேபிள் எட்டாத கட்டில்

டேப்லெட் வாங்குகிறவர்கள் திரை எவ்வளவு பெரிது என்று கேட்பார்கள், கேமராவைக் கேட்பார்கள், நிறத்தைக்கூட இரண்டு தடவை கேட்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் கேபிள் எவ்வளவு நீளம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய், சோபாவில் சாய்ந்துகொண்டு செருகிப் பார்த்து, அது கைக்கு எட்டாமல் நின்ற பிறகுதான் எனக்குப் போன் போடுவார்கள்.

அதுதான் என் வேலை, சார். டேப்லெட் கம்பெனியில் புகார்ப் பிரிவு. "இவ்வளவு காசு வாங்குறீங்களே, ரெண்டு முழம் வயர் சேர்த்துக் குடுக்க மனசு வரலையா?" என்பார்கள். "நீளமா இருந்தா கால்ல சிக்கும் சார், உங்க பாதுகாப்புக்காகத்தான்" என்று நான் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது. சொல்லிச் சொல்லி எனக்கே அது நியாயமாகப் படத் தொடங்கிவிட்டது. திட்டுகிறவர்களிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வேண்டுமானால் மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள், என்னைப் போலப் பொறுமைசாலி அந்த மாடியிலேயே இல்லை என்பார்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அம்மா அதை அக்காவைப் பார்த்துத்தான் சொல்வாள். நான் வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு யாராவது வந்தால் அக்கா பேசுவாள், நான் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அவள்தான் பேசினாள். அவர்கள் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அத்தான் காலமான பிறகு, அவள் மகனும் வேலைக்கென்று தூரமாகப் போய்விட, நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்போதும் அவள் பேச்சுத்தான்.

பிறகு பக்கவாதம் வந்தது. இடப்பக்கத்தையும் நாக்கையும் எடுத்துக்கொண்டது, புத்தியைத் தொடவில்லை. நான் அழுதேன், சார். நிஜமாகவே அழுதேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பின் வந்த நாட்கள் நன்றாக இருந்தன. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் என்னென்ன திட்டினார்கள் என்று சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையில் நான் தொடங்கிய பேச்சை நானே முடித்தது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவள் மகன் டேப்லெட் அனுப்பினான். படுக்கையில் கிடப்பவர்களுக்கென்று எங்கள் கம்பெனி விற்கும் பெட்டி. கட்டிலில் மாட்டும் பிடி, தடித்த பேனா, சார்ஜர், எல்லாம் இருந்தன. எழுத்தைத் தொட்டால் அது சத்தமாகப் பேசும். ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியதைப் புதுப்பித்து விற்றது, விலை குறைவு. அதனால் பேட்டரிக்குப் பாதி உயிர்தான். வயரைப் பிடுங்கினால் ஒரு சமையல் முடியும்வரைகூடத் தாங்காது. கட்டில் சுவரோரம், பிளக்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஒரு மீட்டர் கேபிளே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அக்கா மறுபடி பேசத் தொடங்கினாள். வலக்கை ஒன்று போதுமே. ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு பெண் குரல், அதுவும் முழுச் சத்தத்தில். "சூப்புல உப்பு இல்ல." "ஜன்னல மூடு." "ஏன் லேட்டு?" "சாப்டியா?" நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்தால், வாசலிலேயே அந்தக் குரல் பிடித்துக்கொள்ளும். பகல் முழுக்க ஊரார் புகார், வந்தால் வீட்டுப் புகார். ஒரு மனுஷிக்கு எத்தனை காது இருக்கிறது? நான் பேச வாயெடுத்தால் அவள் விரல் திரைக்குப் போய்விடும். எரிச்சலாக வந்தது, சார். தொண்டைவரை வந்தது. ஆனாலும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

சனிக்கிழமைதோறும் நர்ஸம்மா வருவார். ஒருநாள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், என் எதிரிலேயே, அந்த மெஷின் சொன்னது: "என் தங்கச்சிக்கு ஓய்வே இல்ல. பகல்ல ஒரு ஆள் வைக்கச் சொல்லுங்க."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "அக்கா சொல்றது நல்ல யோசனைதாம்மா. நீங்களும் எவ்ளோதான் பாப்பீங்க?"

இதற்கு என்ன அர்த்தம்? நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றுதானே? அன்பாகச் சொன்னாள் என்று நர்ஸம்மா உங்களிடமும் சொல்லியிருப்பார். அவருக்கு அக்காவைத் தெரியாது. புகாரைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. சர்க்கரை தடவிக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினேன். காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். கேபிள் அங்கே எட்டவில்லை. அதனால் டேப்லெட் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தது. நான் வீட்டில் இருக்கும்போது, சாயங்காலங்களில், எடுத்துக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் பேசுவாள், பேட்டரி தீர்ந்துவிடும். பிறகு நான் பேசுவேன். பழையபடி வீடு ஒரு ஒழுங்குக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை நர்ஸம்மா கேட்டார்: "என்னம்மா, மெஷின் பேசலையா?"

"கேபிள் குட்டை, நர்ஸம்மா. இவ்ளோதான் குடுக்குறாங்க. நீளமா இருந்தா கால்ல சிக்குமாம்."

அக்கா தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள், அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். "ஆமாம்னு சொல்றாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவள் சொல்வதையெல்லாம் நானே எடுத்துச் சொன்னேன். தூக்கம் வருகிறதாம். வலி இல்லையாம். ஆள் வேண்டாமாம். நர்ஸம்மா எழுதிக்கொண்டு போனார்.

அவள் மகனும் போனில் கேட்டான். "சித்தி, நீளமா ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா?"

"எங்க கம்பெனிலயே கிடைக்கும்டா. உனக்கு ஏன் வீண் செலவு? நான் பாத்துக்குறேன்."

"நீங்க இருக்கறதாலதான் சித்தி நான் நிம்மதியா இருக்கேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது தெரியுமா?

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் முகம் துடைத்துவிடும்போதே அக்கா ஸ்டூலைக் காட்டினாள். மறுபடி மறுபடி காட்டினாள். "சாயந்திரம் பேசிக்கலாம் அக்கா, எனக்கு நேரமாச்சு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிறகு என் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்தாள். துடைத்த முகம் மறுபடி வியர்த்திருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். வலிக்காமல்தான் எடுத்தேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

அன்று வேலை நிறைய. ஒரு பெரியவர் கேபிள் நீளத்துக்காக அரைமணி நேரம் சத்தம் போட்டார். நான் பொறுமையாகக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். கட்டிலிலிருந்து விழுந்து, ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டே ஸ்டூல்வரை வந்திருக்கிறாள். விரல் நுனிக்கும் ஸ்டூல் காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. டேப்லெட் முழுச் சார்ஜில் இருந்தது. காலையிலேயே மாரடைப்பு தொடங்கியிருக்கும், உடனே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். யார் சொல்லியிருந்தால் என்று அவர் விளக்கவில்லை.

தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும், சார். நெஞ்சின்மேல் கையை வைத்து அழுத்துகிறவள் சூப்பில் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்போது டேப்லெட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அவள் மறுபடி பேசியிருப்பாள். ஆஸ்பத்திரியில் பேசியிருப்பாள், திரும்பி வந்து பேசியிருப்பாள், பகலுக்கு ஒரு ஆள் வந்து அவளிடமும் பேசியிருப்பாள். நான் மறுபடி தண்ணீர் கொண்டுவந்து வைத்திருப்பேன்.

என் அலுவலக மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துவந்து இங்கே வைத்திருக்கிறீர்களே, அந்தச் சுருள், ஆமாம், அதே பெட்டியில் வந்ததுதான். கட்டில் நோயாளிகளுக்கென்று மூன்று மீட்டர் கேபிள் ஒன்றும் கூடவே வைத்திருந்தார்கள். அலமாரியில் கிடந்தது. அக்காவுக்கும் தெரியும், அதைத்தான் நர்ஸம்மாவுக்குக் காட்டினாள். ஆனால் கட்டிலை நகர்த்திய அன்றே, அவள் தூங்கும்போது, அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் கம்பெனியையும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், சார். ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதுபோல அந்தப் பெட்டியிலும் குட்டைக் கேபிளை மட்டும் வைத்திருந்தால், நான் ஒளித்துவைக்க என்ன இருந்திருக்கும்?