சும்மாவுக்கு விளக்கம்

இல்ல மிஸ், நான் மார்க் கேட்டுக் கெஞ்ச வரல. முதல்ல அந்த முகத்தை மாத்திக்குங்க. மிஸ்னு கூப்பிட்டா பரவால்லையா? கான்வென்ட்ல படிச்ச வாய், மேடம்னு வர மாட்டேங்குது.

பையனுக்காகவா? அவன் வேலையில சேந்தே வருஷமாச்சு. உங்க சமூகக் கோட்பாடு வகுப்புல, கடைசி பெஞ்சுல, முழுக்கைச் சட்டையோட ஒருத்தர் உக்காந்திருப்பாரே, பசங்கல்லாம் அங்கிள்னு கூப்பிடுவாங்களே, அவரோட சம்சாரம் நான். ஆமா, ரிட்டையர் ஆயிட்டு படிக்க வந்தவர்தான்.

உங்க விதிமுறைத் தாளை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கார். கட்டுரைக்கு இவ்வளவு, வருகைக்கு இவ்வளவு, வகுப்புல வாயைத் திறந்தா இருபது. பேசறதுக்கு மார்க்கா? எங்க ஸ்கூல்ல பேசினா வெளியில முட்டி போட வைப்பாங்க. இவர் வாயே திறக்கலைன்னு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கா? நீங்க ஒரு செமஸ்டரா பாக்கறீங்க. உப்பு சரியா இருக்கான்னு நான் இவர் தட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் அந்தக் கட்டுரை. குடும்பத்தில் உழைப்பு. என்ன எழுதினார்? என் மனைவி வேலைக்குப் போவதில்லை, வீட்டில் சும்மா இருக்கிறார். இருக்கிறாராம், மரியாதை வேற. நீங்க சும்மாவைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் போட்டு, விளக்குகன்னு எழுதித் திருப்பிக் குடுத்தீங்க.

மனுஷன் முழிச்சார். கடைசியில என்கிட்டயே வந்து, சும்மான்னா நீ என்னம்மா பண்ணுவேன்னு கேட்டார். வந்து பாத்துக்குங்கன்னேன். ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து சமையலறையில உக்காந்துட்டார். இந்த அடுப்பை நேத்துதானே தொடச்சே? நேத்துதானே சாப்பிட்டீங்கன்னேன். எழுதிக்கிட்டார். சோப்பு தீரப் போறது உனக்கு எப்படித் தெரியும்? யாரும் பாக்காத இந்த வேலைக்கு மறைந்த உழைப்புன்னு பேராம். எங்க மறைஞ்சுது? இவர்தான் நியூஸ் பேப்பருக்குப் பின்னால மறைஞ்சிருந்தார். ஒரு நாள் துணி காயப்போட வந்தார் பாருங்க, சட்டையைக் காலர்ல தொங்கவிட்டு, அது தூக்குல போட்ட மாதிரி ஆடிட்டிருந்துச்சு.

அதனாலதான் கட்டுரை லேட். லேட்டுக்கு நீங்க வெட்டினதுல பாஸுக்கு நாலு மார்க் இடிக்குது. ஜுரம்னு ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்குங்கன்னேன். பொய் சொல்ல மாட்டாராம். உங்க ஆபீஸ்ல விசாரிச்சா, வயசானவர், பாவம், மிஸ் கருணை மார்க் போட்டுத் தூக்கி விடப் போறாங்கன்னாங்க.

அதைத் தடுக்கத்தான் வந்தேன். போட்டுடாதீங்க.

கோபமா? எனக்கென்ன கோபம். ஃபெயிலானா மறுபடி அதே பாடத்தை எடுக்கலாம்னு உங்க தாள்லயே இருக்கு, நானும் படிச்சேன். அவர் கொஞ்சம் வருத்தப்படுவார், நான் பாத்துக்கறேன். பாஸ் ஆயிட்டார்னா பழையபடி நியூஸ் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சிடுவார் மிஸ். இந்த செமஸ்டர்லதான் என்கிட்ட பேசவே ஆரம்பிச்சிருக்கார். நேத்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கறார், கல்யாணம் ஆகாம இருந்தா நீ என்ன படிச்சிருப்பேன்னு. சொல்லிட்டே இருக்கேன், இன்னும் பாதிகூட முடியல.