ரங்கசாமி நெஞ்சு

நாலாவது அநியாயத்துக்கு அப்பறம் வாரனுங்க, வரிசை மாறக் கூடாது. முதல் அநியாயம், இந்த ஸ்கேன் சென்டர் வாசல்லயே கையில பிளாஸ்டிக் பட்டை கட்டி அதுல ஒரு நம்பர். ரெண்டாவது, அந்த நம்பரைச் சொல்லியே கூப்பிட்டாங்க, எழுபத்தொண்ணு வாங்க, சட்டையக் கழட்டுங்கன்னு. மூணாவது, எடுத்த ஸ்கேன் படத்துலயும் நம்பர்தான். நெஞ்சு என்னோடது, உள்ள அடைஞ்சிருக்கற மில்லுப் பஞ்சு என்னோடது, பேரு மட்டும் இல்ல. நாலாவது, இதைக் கேட்டதுக்கு மேனேஜர் பாலுசாமி சிரிச்சாரு. சிரிச்சதுதானுங்க நெம்பப் பெருசு.

ஏனுங்க, இப்படித் தள்ளி உக்காருங்க, ஏசிக் காத்து நேரா மூஞ்சிக்கு அடிக்குது பாருங்க.

மில்லு வாசல்ல எத்தனை முதலாளியப் பாத்தவன் நானு, விடுவனா. நோட்டீசு அடிச்சேன். ரோஸ் தாளு. 'மனிதன் எண் அல்லன்; நெஞ்சு எமது, பெயரும் எமதே.' அந்த வரி எனக்கே புடிச்சுப்போயி, மேலயும் கீழயுமா ரெண்டு தடவ போடச் சொன்னேன். கூட வாரதுக்குத் தோழருக யாரு இருக்கறாங்க... ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தரு மக ஊட்டுக்கு பெங்களூரு போயிட்டாரு. நானும் ஒரு மைக்கும்தான் போராட்டம். அந்த மைக்கையும் இவங்க பிளக்குலதான் சொருகியிருந்தேன், வெளிய சொல்லிப்போடாதீங்க.

அப்ப உள்ளிருந்து ஒரு புள்ள வந்துச்சு. மௌனிகான்னு பேரு, இங்க கம்ப்யூட்டர் வேலை. டீ வாங்கிக் குடுத்து, உக்கார வெச்சுப் பொறுமையாச் சொல்லுச்சு. தெனமும் ஆயிரக்கணக்குல படம் வருதாம். கையில அடுக்க முடியாதுன்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்குது. நாடகத்துக்கு எழுதறது இல்லீங்க, கம்ப்யூட்டருக்கு எழுதற உத்தரவு. அது ஒவ்வொரு படமாத் தொறந்து பாத்து, இது நெஞ்சு, இது வயிறு, இது மண்டைன்னு லேபிள் போட்டு, நம்பர்வாரியாத் தனித்தனி ஃபோல்டர்ல வெச்சுப்போடுமாம். நம்பருக்குப் பதிலா பேரு வெச்சா ஒண்ணோட ஒண்ணு கலந்துருமுங்க ஐயான்னு சொல்லத்தான் சொல்லுச்சு.

நான் அந்த அம்மணிக்குத் தொழிலாளர் வரலாறு பூராவும் சொன்னேன். டீ ஆறிப்போச்சு. பாலுசாமி வந்து, இவரு கேக்கறபடியே மாத்திக் குடுத்துரும்மா, காது வலிக்குதுன்னுட்டாரு. வெற்றி. நாலு வரி மாத்துனாப் போதுமாம். அதோட விட்டனா... இனிஷியலையும் எடுக்கோணும்னேன். அப்பன் எழுத்து மட்டும் எதுக்கு, பெத்தவ எங்க போனான்னு. அதையும் எடுத்துப்போட்டாங்க. எனக்கு நானே மாலை போட்டுக்காத கொறைதான்.

காரமடையில போட்ட மருத்துவ முகாம்லதானுங்களே நம்மளையெல்லாம் ஸ்கேனுக்கு இங்க அனுப்புனது? எங்க பக்கம் ரங்கநாதரை வேண்டிப் புள்ள பெத்தா என்ன பேரு வெப்பாங்க? ஊட்டுக்கு ஒரு ரங்கசாமி. சாமியே இல்லைன்னு மேடை மேடையாப் பேசுன நானே ரங்கசாமி. ஸ்கிரிப்ட்டுக்கு என்னங்க தெரியும், முன்னால எடுத்த படத்தையும் சேத்து, சொன்னதைச் செஞ்சுது. அத்தனை ரங்கசாமியும் ஒரே ஆளுன்னு ஒரே ஃபோல்டர்ல அள்ளிக் கொட்டி, 'ரங்கசாமி நெஞ்சு'ன்னு லேபிளும் ஒட்டிப்போட்டுச்சு.

டாக்டரம்மா தொறந்து பாத்து அரண்டுட்டாங்களாம், ஒரே மனுசனுக்கு இத்தனை நுரையீரலான்னு. அதுல ஒண்ணுல மட்டும் ஒரு கட்டி. யாரோடதுன்னு தெரியல. அதுக்குத்தானுங்க இந்த வரிசை பூராவும் வரச் சொன்னது. நீங்களும் ரங்கசாமி, அந்தச் செவப்புத் துண்டும் ரங்கசாமி, அங்க தண்ணி குடிக்கறவரும் ரங்கசாமி. அப்படிப் பாக்காதீங்க... நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.

மௌனிகா மறுக்கா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, படத்துக்குள்ள பதிஞ்ச நேரத்தையும் நமக்குக் கைப்பட்டை கட்டுன நேரத்தையும் பொருத்திக் கண்டுபுடிச்சிருச்சாம். அந்த ஒருத்தரை மட்டும் உள்ள கூப்பிட்டு மெதுவாச் சொல்லிக்கறேன்னுது. நாந்தான் கூடாதுன்னேன். மூடுன கதவுக்குள்ள எந்த முடிவும் வேண்டாம், எல்லாரையும் சாட்சி வெச்சுப் பேரைப் படிக்கோணும், அம்மா பேரோட. வந்ததும் நம்மகிட்ட அம்மா பேரு கேட்டாங்களே, அதுவும் என்னோட கோரிக்கைதானுங்க.

ஒண்ணு சொல்லட்டுங்களா. காலையில இருந்து, அந்தக் கட்டி என்னோடதா இருக்கக் கூடாதுன்னே நெனச்சுட்டு இருக்கறேன். அப்படீன்னா உங்கள்ல ஒருத்தரோடதா இருக்கோணும்னு ஆகுதுங்களே. பொதுநலத்துக்குன்னு செயிலுக்குப் போன ஆளு நெனைக்கற நெனப்பா இது...

வந்துருச்சு பாருங்க. மௌனிகாதான், தாளைப் பிரிக்குது. நீ படி கண்ணு, பரவால்ல. சத்தமாப் படி.

"ரங்கசாமி..."

ஏனுங்க, அத்தனை பேரும் எந்திரிச்சா எப்படி, இன்னும் முழுசாப் படிக்கல.

"ரங்கசாமி. அம்மா பேரு சின்னாத்தாள்."

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. நீங்களும் உக்காருங்க, உங்கம்மா பேரு வேற.

பின்னால இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது. நான் நின்னுட்டே இருக்கறேன். எங்கம்மா பேரோட இன்னொருக்காப் படி கண்ணு.