பதினாறு எம்பி

...வயரை புடுங்கிப் புடுங்கி பாக்காதே நைனா, வயரு மேல தப்பே இல்ல. மூணு வயரு மாத்திட்டேன். பாடி மேம்பாலத்துல ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்திருப்பே, மொதல்ல டீயை குடி. வாஷரை படம் புடிச்சி நல்லது, நொள்ளைன்னு பிரிக்கிற மிஷினு இது. ரெண்டு கேமரா. ஒண்ணு மட்டும் ஓட்டுனா ஜோரா கீது. ரெண்டையும் ஓட்டுனா பாதி படம் கறுப்பு. கறுப்பா வந்தா நொள்ளைன்னு அதுவே முடிவு பண்ணி, நல்ல வாஷரை எல்லாம் செவப்பு பொட்டியில தள்ளுது. திங்கக்கெழமைலேந்து இதே ரோதனை.

உனக்கு முன்னாடி உங்க கேமரா கம்பெனிலேந்து உதயகுமாருன்னு ஒருத்தன் வந்தான். கம்ப்யூட்டருக்குள்ள இன்னாமோ கெர்னலாம். யூஎஸ்பில வர்ற படத்தை வாங்கி வெக்க அது ஒதுக்குற எடம் மொத்தமே பதினாறு எம்பியாம். முப்பத்திரண்டு ஜிபி மெமரி போட்டு வாங்குனது நைனா. மூணு மாடி ஊட்டை கட்டிட்டு, வந்தவனை செருப்பு வுடுற எடத்துல உக்கார வெக்கிற கணக்கா... எந்த புண்ணியவான் பண்ண வேலையோ. உதயகுமாரு ஒரு வரி அடிச்சி அதை ஆயிரமா ஏத்திவுட்டான். "இது டெம்பரவரிண்ணே. ஆஃப் பண்ணா மறுபடி பதினாறுக்கே வந்துரும். பர்மனென்ட்டா எழுதி வெக்க அடுத்த வாரம் வரேன்"னான். அந்த அடுத்த வாரம் இன்னும் வரல. ஆச்சு நாலு மாசம்.

ஆஃப் பண்ணாம வுட்டுட்டுப் போறதா? நல்லா சொன்னே. இருபத்திரண்டு வருசம் இங்க மெயின்டனன்ஸ் பாக்குறேன். சாயங்காலம் மெயினை எறக்கிட்டு, மிஷினுக்கு சூடம் காட்டிட்டுத்தான் பாரிவாக்கத்து ஊட்டுக்கு வண்டியை எடுப்பேன். கரண்டை அப்டியே வுட்டுட்டு போனான் நாகேந்திரன்னு எவனும் சொல்லக்கூடாது. நாலு மாசமும் டெய்லி எறக்கிகினுதான் இருந்தேன். அப்பல்லாம் ஓடிச்சில்ல? அப்போ உங்க கேமராதானே கோளாறு?

காலைல யாரு போடுவாங்களா? லாவண்யா. கரையான்சாவடிலேந்து வர்ற காண்ட்ராக்ட் பொண்ணு. நல்ல பொண்ணுதான், ஆனா ஒரு கெட்ட பழக்கம். வந்ததும் கீபோர்டுல இன்னாத்தையோ தட்டும். டெய்லி ஒரு வரி. ஆபரேட்டருக்கு கீபோர்டுல இன்னா வேலை? கேட்டா, "உதயகுமார் சார் சொல்லிக் குடுத்தாருண்ணே, இதை அடிக்காட்டி ரெண்டாவது கேமரா வராது"ங்குது. எனக்கே பாடம் எடுக்குது பாரு. கம்ப்யூட்டரை நோண்டுது சார்னு மேனேஜர்ட்ட போட்டுக் குடுத்துட்டேன். சனிக்கெழமை கார்டை வாங்கிகினு அனுப்பிட்டாங்க. அழுதுகினே போச்சி. அதோட அப்பா படுத்த படுக்கை, அது சம்பளத்துலதான் ஊடு ஓடுதாம்...

இன்னா நைனா அப்டி பாக்குறே? அது அடிச்ச வரி இன்னான்னா? நான் எங்க கவனிச்சேன்... இன்னா, நீ தட்டுறியா? தட்டு.

...வந்துடுச்சே. ரெண்டு படமும் முழுசா வந்துடுச்சே.

அப்போ அந்த பொண்ணு டெய்லி தட்டுனது... நான் எறக்கி வெச்சதை அது ஏத்திகினு இருந்துச்சா? நாலு மாசமா?

மேனேஜர்ட்ட நான்தான் சொல்லணுமா? நீ கம்பெனி ஆளு, நீ சொன்னா ஒரு இது... சரி, மொறைக்காதே. நானே சொல்றேன். மொதல்ல அதுக்கு போன் போடுறேன், இரு... ரிங்கு போவுது... எடுத்துடுச்சி.

லாவண்யா... நாகேந்திரன் அண்ணன் பேசுறேம்மா. அது வந்து... அந்த கேமரா... சாப்டியாம்மா?

இந்தா நைனா, போனை நீ வாங்கிக்கோ. நீயே சொல்லிடு.